நெரிசல் கட்டணம் வந்தால் பைக்கில் வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: “நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் விதித்தால், தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? கட்டிவிட்டுப் போவார்களா, பஸ்ஸுக்கு மாறுவார்களா? பைக்குக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பைக்குக்கு மாறிவிட மாட்டார்களா?”

முதலில் நேரடியான பதில். கட்டணம் பைக்குக்கும் உண்டு என்றால், பைக்கில் போகிறவர் கார்க்காரரைவிடச் சீக்கிரம் தன் பழக்கத்தை மாற்றுவார். கிளம்பும் நேரத்தை மாற்றுவார், வழியை மாற்றுவார், எல்லைக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடப்பார். இதற்கெல்லாம் வழியில்லாதபோதுதான் கட்டுவார், அல்லது பஸ் ஏறுவார். பைக்குக்கு விலக்கு என்றால் கார்க்காரர்களில் ஒரு சிறு பகுதி பைக்குக்கு வரும். எல்லோரும் வர மாட்டார்கள். நான் பல வருடம் வாகனக் கணக்கெடுப்பிலும் பயணிகளிடம் கேள்வித்தாள் எடுப்பதிலும் வேலை செய்தவன். அந்த அனுபவத்தையும், கட்டணம் உண்மையாகவே அமலில் உள்ள நகரங்களில் நடந்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

நெரிசல் கட்டணம் என்பது பணத்தை வாங்கிக்கொண்டு நேரத்தைக் கொடுக்கிற ஏற்பாடு. கட்டணத்துக்குப் பயந்து சிலர் விலகுகிறார்கள், சாலை கொஞ்சம் இளகுகிறது, கட்டியவர் சீக்கிரம் போய்ச் சேருகிறார். கார்க்காரருக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் பிடிக்காமல் போகலாம், ஆனால் புரியும். பைக்கில் போகிறவருக்கோ அந்த நேரம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அவர் வரிசையில் நிற்பதே இல்லை.

காலை எட்டே முக்கால் மணிக்கு ஒரு பெரிய சந்திப்பில் நின்று பாருங்கள். சிவப்பு விழுந்து, கார்கள் இருநூறு மீட்டருக்குப் பின்வரிசை கட்டி நிற்கும். பின்னாலிருந்து ஒரு பைக் வரும். கிளட்சைப் பாதி பிடித்தபடி, இரண்டு கார்களின் பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே ஹேண்டில்பாரை லேசாகத் திருப்பி நுழைத்து, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கால் நுனியைத் தரையில் தட்டி, கோட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். பச்சை விழுந்ததும் முதல் ஆளாகக் கிளம்பும். முந்தின சிக்னலில் அதே பைக்குக்குப் பக்கத்தில் நின்ற கார் இந்தச் சந்திப்பைத் தாண்ட இன்னும் இரண்டு சுற்றுப் பச்சை ஆகும். கணக்கெடுப்புக்காக நின்ற நாட்களில் இதை நூறு முறை பார்த்திருக்கிறேன். ஒரே சாலைதான், ஒரே நெரிசல்தான். ஆனால் இரண்டு பேரும் அனுபவிப்பது வேறு வேறு.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைப்பவை. காரில் ஒருவருக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஆகிறது. கட்டணம் வந்தபின் அது நாற்பத்தைந்து நிமிடமாகிறது. அதே தூரத்துக்குப் பைக்கில் முப்பத்தைந்து நிமிடம். கட்டணம் வந்தபின் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. கார்க்காரருக்குக் காசுக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்கிறது, பைக்காரருக்கு இரண்டு மூன்று நிமிடம். செலவுப் பக்கத்தையும் பாருங்கள். காருக்குப் பெட்ரோல் பத்து பங்கு, பார்க்கிங் பத்து பங்கு என்று வைத்து, பத்து பங்கு கட்டணம் போட்டால் அவருடைய தினச் செலவு பாதி மடங்கு கூடுகிறது. பைக்குக்குப் பெட்ரோல் மூன்று பங்கு, பார்க்கிங் பெரும்பாலும் இலவசம். கட்டணம் காருக்குப் பாதி, அதாவது ஐந்து பங்கு என்றாலும் தினச் செலவு மூன்றிலிருந்து எட்டுக்குத் தாவுகிறது. “பாதிதானே வாங்குகிறோம்” என்று அதிகாரி சொல்வதும் உண்மை. “என் செலவு இரண்டரை மடங்குக்கும் மேலாகிவிட்டது, எனக்கு என்ன கிடைத்தது?” என்று வண்டி ஓட்டுகிறவர் கேட்பதும் உண்மை.

அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்றால், சாலையில் வண்டி பிடிக்கும் இடத்திலிருந்து. போக்குவரத்துப் பொறியாளர்கள் எல்லா வண்டிகளையும் காருக்குச் சமமாக மாற்றிக் கணக்கிடுவார்கள். கார் 1 என்றால் பஸ் 2, மோட்டார் சைக்கிள் 0.4 என்று லண்டன் போக்குவரத்து அமைப்பு எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூர் பைக்கைப் பாதிக் காராகக் கொண்டு பாதிக் கட்டணம் வாங்குகிறது. நெரிசல் கட்டணக் கோட்பாட்டைத் தொடக்கத்தில் வளர்த்தவர்களில் ஒருவரான பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி சொன்னதும் இந்த வழிதான்: ஒவ்வொரு வண்டியும் அடுத்தவருக்கு எவ்வளவு தாமதம் உண்டாக்குகிறதோ அவ்வளவு கட்ட வேண்டும். அடுத்தவருக்குத் தரும் தொந்தரவை வைத்துப் பார்த்தால் பாதிக் கட்டணம் நியாயம், இன்னும் குறைவாகக்கூட இருக்கலாம். ஏனென்றால் வரிசை நின்றுபோன சாலையில் இடுக்கில் நுழைந்து போகிற பைக் யாருடைய இடத்தையும் எடுப்பதில்லை. ஆனால் கட்டுகிறவரின் எதிர்வினையைத் தீர்மானிப்பது அவர் தரும் தொந்தரவு அல்ல, அவருக்குக் கிடைக்கும் பலன். கட்டணம் வகுப்பவர்கள் முதல் கணக்கைக் கவனமாகப் போடுகிறார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

இனி நடந்த கதைகள்.

லண்டனில் 2003 பிப்ரவரி 17 அன்று கட்டணம் தொடங்கியது. அப்போது நாளொன்றுக்கு 5 பவுண்ட். 2020-ல் 15 பவுண்ட் ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 18 பவுண்ட். மோட்டார் சைக்கிளுக்கு முதல் நாளிலிருந்தே முழு விலக்கு. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. முதல் வருடம் மையப் பகுதிக்குள் நுழைந்த கார்கள் 2002-ஐவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. மோட்டார் சைக்கிள்கள் 12 சதவீதம் கூடின, மிதிவண்டிகள் 19 சதவீதம் கூடின. 12 சதவீதம் என்று கேட்டதும் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அங்கே நுழைந்த வண்டிகளில் பைக் சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதியில் 12 சதவீதத்தை, காணாமல் போன கார்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், காரை விட்டவர்களில் மிகச் சிலரே பைக்குக்கு வந்தார்கள் என்று புரியும். மற்றவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் போனார்கள், அல்லது மையத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் பைக் எண்ணிக்கை மேலும் ஏறவில்லை, சற்று இறங்கியது.

ஏன் அலை அலையாக மாறவில்லை? பைக் ஓட்டுவது கட்டணத்தை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவல்ல. உரிமம் எடுக்க வேண்டும், ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் வாங்க வேண்டும், ஈரமான சாலையில் வளைவு எடுக்கப் பழக வேண்டும், அலுவலகத்தில் உடை மாற்ற இடம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம் போக வேண்டும். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. லண்டன் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிளின் பங்கு சில சதவீதம்தான், சாலை மரணங்களில் அதன் பங்கோ ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. நாற்பது வயதில் காரை விட்டுப் பைக்குக்கு வருகிறவர், ஏற்கெனவே ஓட்டத் தெரிந்து, வீட்டில் ஒரு வண்டி சும்மா நிற்கிறவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். அப்படிப்பட்டவர்கள் முதல் வருடத்திலேயே மாறிவிடுவார்கள். அந்தக் கூட்டம் தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும்.

ஸ்டாக்ஹோமிலும் மிலானிலும் பைக்குக்கு விலக்குத்தான். ஸ்டாக்ஹோம் 2006-ல் ஏழு மாதச் சோதனையாகத் தொடங்கி, 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக்கியது. பனிக்காலத்தில் பைக்கை வெளியே எடுக்கவே முடியாத ஊரில் விலக்குக் கொடுப்பது சுலபம். அந்த ஊரை உதாரணம் காட்டி வெப்ப நாடுகளில் வாதாடுவது சரியல்ல. மிலானில் 2012-ல் ஒரு வழக்கினால் கட்டணம் திடீரென்று சில வாரம் நிறுத்திவைக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தி ஆய்வாளர்கள் அளந்தபோது, கட்டணத்தின் விளைவாக உள்ளே வரும் வண்டிகள் 14.5 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது. நிறுத்திய உடனே வண்டிகள் திரும்பி வந்துவிட்டன. மக்கள் எதிர்வினை காட்ட வருடக்கணக்கில் ஆகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விலைப்பலகை மாறிய வாரமே பழக்கமும் மாறுகிறது.

சிங்கப்பூர்தான் இந்தக் கேள்விக்கு நெருக்கமான ஊர். 1975 ஜூனில் உலகத்துக்கே முன்னோடியாக அங்கே மையப் பகுதி உரிமச் சீட்டு முறை வந்தது. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை உள்ளே நுழையும் கார் கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். நான்கு பேரோடு வரும் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் விலக்கு. இரண்டு காரியம் உடனே நடந்தது. ஒன்று, கார்க்காரர்கள் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு நான்கு பேர் கணக்குக் காட்டி நுழைந்தார்கள். இரண்டு, ஒன்பதரை மணிக்காக வண்டிகள் காத்திருந்து, அந்த நிமிடம் தாண்டியதும் மொத்தமாகப் பாய்ந்தன. சில வாரங்களிலேயே நேரத்தைப் பத்தேகால் வரை நீட்ட வேண்டியதாயிற்று. 1989-ல் விதிகளைத் திருத்தியபோது நான்கு பேர் சலுகையை எடுத்தார்கள், மாலை நேரத்தையும் சேர்த்தார்கள், மோட்டார் சைக்கிளையும் கட்டண வளையத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதே சமயம் காருக்கான கட்டணத்தை 5 டாலரிலிருந்து 3 டாலருக்குக் குறைத்தார்கள். எல்லோரும் கொஞ்சம் கட்டட்டும், சிலர் மட்டும் நிறையக் கட்ட வேண்டாம் என்பது அந்த மாற்றத்தின் சாரம். 1998-ல் சாலைக்குக் குறுக்கே, கடக்கும் வண்டியிடம் தானாகக் கட்டணம் கழிக்கும் மின்னணு வளைவுகள் வந்தபின் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் பணம் கழிகிறது, அரை மணிக்கு ஒருமுறை கட்டணம் மாறுகிறது.

இந்த முறையில் பைக்காரருக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. கார்க்காரர் வண்டியில் பொருத்திய கட்டணக் கருவியில் பண அட்டையைச் சொருகிவிட்டு மறந்துவிடலாம். பைக்கில் கருவி ஹேண்டில்பார் பக்கம் திறந்த வெளியில் இருக்கும். வண்டியை நிறுத்தும்போது அட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள். மாலையில் கிளம்பும்போது மழை பெய்கிறது, கையுறை ஈரம், அட்டை உள்பாக்கெட்டில். அவசரத்தில் சொருக மறந்து வளைவைக் கடந்துவிட்டால் கட்டணத்தோடு நிர்வாகச் செலவும் சேரலாம். காகிதத்தில் போட்ட கட்டணம் பாதி. ஆனால் மழை, திருட்டுப் பயம், மறதி என்று அதற்கு மேல் சேர்கிற பாரம் பைக்காரருக்குத்தான் அதிகம்.

நியூயார்க் 2025 ஜனவரி 5 அன்று தொடங்கியபோது இதே பாதிக் கொள்கையைத்தான் எடுத்தது. மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே பகல் நேரத்தில் நுழையும் காருக்கு 9 டாலர், மோட்டார் சைக்கிளுக்கு 4.50. இரவில் காருக்கு 2.25, மோட்டார் சைக்கிளுக்கு 1.05. தானியங்கிக் கட்டண அட்டை இல்லாதவருக்கு ஒன்றரை மடங்கு. நாளுக்கு ஒரு முறைதான் வசூல். இது வேலைக்குப் போகிறவருக்குச் சாதாரண விவரம், நாளெல்லாம் உள்ளே வெளியே ஓடும் டெலிவரி பைக்காரருக்கோ பெரிய விவரம். கடக்கும் தடவைக்கு ஒரு கட்டணம் என்றால் அவர் பிழைப்பே கேள்விக்குறி. நாளுக்கு ஒன்று என்றால் ஒரு டெலிவரிக்குச் சில காசுதான். பைக் ஓட்டுகிறவர்களை ஒரே கூட்டமாகப் பார்க்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தவற விடுகிறார்கள்.

இனி பழக்கம் மாறும் விதங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

நேரம் மாற்றுவதில் பைக்காரரை யாரும் மிஞ்ச முடியாது. காரில் வருகிறவருக்கு எப்போது போய்ச் சேருவோம் என்று உறுதியாகத் தெரியாது, அதனால் இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பிப் பழகியிருப்பார். பைக்கில் முப்பத்தைந்து நிமிடம் என்றால் பெரும்பாலும் முப்பத்தைந்துதான். எட்டு மணிக்குக் கட்டணம் ஏறுகிறது என்றால் ஏழு ஐம்பத்தெட்டுக்கு எல்லைக் கோட்டைத் தாண்டும்படி அவரால் கிளம்ப முடியும். இதனால்தான் கட்டணம் படிபோல் திடீரென ஏறாமல் சரிவாக ஏற வேண்டும் என்று சொல்கிறேன். சிங்கப்பூர் 2003-ல் இதைச் செய்தது. கட்டணம் மாறும் வேளையில் முதல் ஐந்து நிமிடங்களுக்கு இடைப்பட்ட ஒரு தொகையைப் புகுத்தியது. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் கூட்டுவதும், ஓரத்தில் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஆபத்தாகிக்கொண்டிருந்தன. இரண்டு சக்கரத்தில் அந்த அவசரம் உயிருக்கே ஆபத்து.

ஆனால் நேரத்தை மாற்ற எல்லோராலும் முடியாது. ஷிப்டில் வேலை செய்கிற காவலாளி, மருத்துவமனை ஊழியர், துப்புரவு வேலை செய்கிறவர், கடை திறக்கிறவர் ஆகியோர் எட்டு மணிக்கு இருக்க வேண்டும் என்றால் இருக்க வேண்டும். மேலாளருக்கு ஒன்பதரைக்கு வரலாம் என்ற சலுகை இருக்கிறது, அவருக்குக் காரும் இருக்கிறது. நேரத்தை மாற்ற முடியாதவர் பைக்கில் வருகிறார். எத்தனை ஊர்களில் கட்டணத் திட்டத்தின் முன்னறிக்கையில் இவருக்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள் என்று தேடிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

வழி மாற்றுவது அடுத்தது. எல்லைக் கோட்டைத் தண்ணீரும் பாலங்களும் வரைந்து கொடுத்த ஊர்களில் கட்டணம் ஒழுகாது. ஸ்டாக்ஹோம் தீவுகளின் ஊர், 18 இடங்களில் காமிரா வைத்தாலே போதுமாக இருந்தது. மன்ஹாட்டனுக்குள் நுழையத் தெற்கேயும் இரு பக்கமும் பாலமும் சுரங்கமும்தான். ஆனால் சந்து பொந்துகள் பின்னிக் கிடக்கும் ஊரில், கார் போக முடியாத வழியெல்லாம் பைக் போகும். பிரதான சாலையில் வளைவு வைத்தால், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஆறடிச் சந்தில் காலை எட்டு மணிக்கு நூறு பைக் ஓடும். மையச் சாலையில் குறைந்த ஆபத்து, குழந்தைகள் நடக்கும் தெருவுக்கு இடம் மாறும். இன்னொன்று, காரின் நம்பர் பிளேட்டை முன்னாலும் பின்னாலும் படிக்கலாம். பைக்குக்குப் பல நாடுகளில் பின்னால் மட்டும்தான், அதுவும் சின்னது, மண் அப்பியது, சில சமயம் வளைந்தது. பைக்கிடம் வசூலிக்கப் போகிறோம் என்றால் காமிராவை எங்கே திருப்பி வைப்பது என்பதிலிருந்து வேலை தொடங்குகிறது.

எல்லைக்கு வெளியே நிறுத்துவது மூன்றாவது. கார் நிறுத்த இடம் தேடுவது கஷ்டம். பைக் எங்கேயும் சொருகி நிற்கும். எல்லைக்கு நூறு மீட்டர் முன்னால் நடைபாதை முழுக்கப் பைக் நின்று, நடக்கிறவர் சாலையில் இறங்க வேண்டியிருக்கும். முறையாகச் செய்தால் இதையே நல்லதாக்கலாம். எல்லையை ஒட்டிய ரயில் நிலையத்தில் கூரை போட்ட, பூட்டிட வளையம் உள்ள, ஹெல்மெட் வைக்கப் பெட்டி உள்ள நிறுத்துமிடம் இருந்தால், பைக்கும் ரயிலும் சேர்ந்த பயணம் வெறும் பஸ்ஸைவிடப் பலருக்குப் பிடிக்கும். அந்த ஹெல்மெட் பெட்டி அற்ப விஷயமாகத் தெரியலாம். கூட்ட நேர ரயிலில் ஒரு கையில் ஹெல்மெட்டையும் தோளில் பையையும் வைத்துக்கொண்டு நின்று பார்த்தவருக்குத் தெரியும்.

பஸ்ஸுக்கு மாறுவார்களா? இதுதான் திட்டக்காரர்களின் ஆசை. காரிலிருந்து பஸ்ஸுக்கு வருகிறவர் நேரத்தை இழந்தாலும் செலவை மிச்சம் பிடிக்கிறார். பைக்கிலிருந்து வருகிறவர் நேரத்தையும் இழக்கிறார், செலவிலும் பெரிதாக மிச்சமில்லை. வாசலிலிருந்து வாசல் வரை பைக்கில் முப்பத்தைந்து நிமிடம் என்றால், நடந்து, காத்திருந்து, மாறி ஏறி, மறுபடி நடந்து, பஸ்ஸில் எழுபது. பஸ்ஸுக்கென்று தனித்தடம் போட்டு அந்த எழுபதை ஐம்பதாக்கினால் மட்டுமே பைக்காரர் யோசிப்பார். லண்டன் கட்டணம் தொடங்கிய சமயத்திலேயே பஸ்களையும் பெருமளவில் கூட்டியது, முதல் நாளே அவை ஓடின. முதலில் கட்டணம், அப்புறம் பஸ் என்று வரிசையை மாற்றினால் பைக்காரர் கட்டுவார், மனதுக்குள் வெறுப்பார், அடுத்த தேர்தலில் அதைச் சொல்வார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. “கட்டணம் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேள்வித்தாளில் கேட்டு வரும் பதிலை அப்படியே நம்பாதீர்கள். நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே “கட்டவே மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது கோபத்தின் பதில், திட்டத்தின் பதில் அல்ல. ஸ்டாக்ஹோமில் போக்குவரத்து ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தபின், அந்தத் திட்டத்தை நெருக்கமாக ஆராய்ந்த யோனாஸ் எலியாசன் சொன்னது இன்னும் வியப்பு: பழக்கத்தை மாற்றியவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் மாறியதே தெரியவில்லை. ஒரு நாள் வேறு வழி, ஒரு நாள் இரண்டு வேலையைச் சேர்த்து ஒரே பயணம், ஒரு நாள் போகாமலே இருப்பது என்று மாற்றம் சிறு சிறு துண்டாக நடக்கிறது. அதனால் நான் “கட்டுவீர்களா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “கடைசியாக மழை பெய்த நாளில் எப்படி வேலைக்குப் போனீர்கள்?”, “வண்டி சர்வீஸுக்குப் போன நாளில்?” என்று கேட்கிறேன். பைக் கையில் இல்லாத நாளில் ஒருவர் செய்ததுதான், கட்டணம் வந்த நாளிலும் பெரும்பாலும் செய்வார். யாரோடாவது பின்னால் உட்கார்ந்து வந்தேன் என்றால் அவருக்குப் பகிர்ந்து போக ஆள் இருக்கிறது. லீவு போட்டேன் என்றால் அவருக்கு வேறு வழியே இல்லை. இரண்டாவது வகையினர் எந்தப் பகுதியில் அதிகம் என்று வரைபடத்தில் குறித்தாலே, முதல் பஸ் தடம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

விலக்குத் தருவதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். பெல்ஜியத்தில் லூவெனிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் நெடுஞ்சாலையை வைத்துச் செய்த ஒரு மாதிரிக் கணக்கில், கார்களில் 10 சதவீதம் மோட்டார் சைக்கிளாக மாறினாலே எல்லோருக்கும் சேர்த்து நெரிசலில் வீணாகும் நேரம் 40 சதவீதம் குறையும் என்று வந்தது. கணக்கு தவறில்லை. நிரம்பி வழியும் சாலையில் கடைசியாக நுழையும் சில வண்டிகள்தான் மொத்த வரிசையையும் உண்டாக்குகின்றன, அவற்றை எடுத்தால் வரிசை கரைகிறது. ஆனால் அது நெடுஞ்சாலை, அங்கே பைக் சிறுபான்மை. தைவானில் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளுமாக ஏறக்குறைய 1.4 கோடி ஓடுகின்றன. வியட்நாம், இந்தோனேசிய நகரங்களிலும் சாலையில் பெரும்பான்மை இருசக்கரம்தான். அப்படிப்பட்ட ஊரில் பைக்குக்கு முழு விலக்கு என்றால், கார்கள் விட்டுக்கொடுத்த இடத்தைப் பைக் நிரப்பிவிடும். இடுக்கு இருக்கும்வரைதான் பைக்குக்கு நெரிசல் இல்லை. எல்லோரும் பைக்கானால் இடுக்கே இருக்காது.

மறுபக்கம், தடை என்ற சுலபமான வழியும் வேலை செய்யாது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் 2014 டிசம்பரில் தம்ரின் சாலையில் மோட்டார் சைக்கிள்களைத் தடை செய்தார்கள். கார்கள் போகலாம், பைக் போகக் கூடாது. அந்தச் சாலையோரத்தில் வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்கள் இணைச் சாலைகளுக்குப் போனார்கள். வழக்கு நடந்து, அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் 2018 ஜனவரியில் தடை நீங்கியது. அதிக இடம் பிடிக்கும் வண்டியை உள்ளே விட்டுக் குறைந்த இடம் பிடிக்கும் வண்டியை வெளியே நிறுத்துவது, நெரிசலின் பெயரால் செய்யப்படும் அநியாயம். பைக்காரர்கள் அதை உடனே புரிந்துகொள்கிறார்கள்.

லண்டனிலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. நெரிசல் கட்டணத்தில் விலக்கு இருந்தும், வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் 2008-ல் மோட்டார் சைக்கிள் நிறுத்த நாளுக்கு 1.50 பவுண்ட் என்று வந்தபோது கூட்டம் கூட்டமாக ஊர்வலம் ஓட்டினார்கள். அப்போது 8 பவுண்டாக இருந்த நெரிசல் கட்டணத்தைத் தவிர்க்க முடிந்தவர்கள் ஒன்றரைப் பவுண்டுக்கு ஏன் கொதித்தார்கள்? இலவசமாக இருந்தது இலவசமில்லாமல் போவது, விலை கூடுவதைவிடப் பெரிய வலி. பிறகு வந்த மிகக் குறைந்த உமிழ்வு மண்டலம், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் போடும் பகுதி, வேறு வகை. அங்கே யூரோ 3 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்துக்குக் கீழான பழைய மோட்டார் சைக்கிள் நாளுக்கு 12.50 பவுண்ட் கட்ட வேண்டும், காருக்கும் அதே தொகை. பழைய பைக்கின் மொத்த விலையே சில மாதக் கட்டணத்தில் தீர்ந்துவிடும் என்பதால் யாரும் தினமும் கட்டிக்கொண்டிருப்பதில்லை, வண்டியை மாற்றுகிறார்கள். வண்டியை விட மனமில்லாத சிலர், தங்கள் பைக்கின் புகையைச் சோதனைக்கு அனுப்பி, நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 0.15 கிராமுக்குள் இருப்பதைக் காட்டி விலக்கு வாங்கினார்கள். வருவாய் குறைந்தவருக்குப் பழைய மோட்டார் சைக்கிளை உடைப்புக்குக் கொடுத்தால் 1,000 பவுண்ட் உதவியும் இருந்தது. கட்டணத்தோடு கதவும் திறந்து வைக்கப்பட்டபோது மக்கள் அந்தக் கதவு வழியாகப் போனார்கள்.

என்னிடம் கேட்டால், பைக் சிறுபான்மையாக உள்ள ஊரில் விலக்குக் கொடுங்கள், அதனால் கெட்டுப்போவது எதுவும் இல்லை. பைக் பெரும்பான்மையாக உள்ள ஊரில் முதலில் காருக்கு மட்டும் போட்டு, அந்தப் பணம் பஸ்ஸாகச் சாலையில் ஓடுவதைக் கண்ணால் காட்டிவிட்டு, பிறகு பைக்குக்கு வாருங்கள். அப்போதும் பாதி வேண்டாம், ஐந்தில் ஒன்றிலோ ஆறில் ஒன்றிலோ தொடங்குங்கள். நாளுக்கு ஒரு முறை, மாதத்துக்கு ஒரு உச்சவரம்பு. கட்டுகிறவருக்கு நேரம் தர முடியாது என்றால் வேறு ஏதாவது தாருங்கள்: லண்டன் 2009-ல் தொடங்கியதுபோல் முக்கியச் சாலைகளின் பஸ் தடத்தில் பைக்குக்கு அனுமதி, சிக்னல் கோட்டுக்கு முன்னால் பைக் நிற்கத் தனி இடம், மையத்துக்குள் உறுதியான நிறுத்துமிடம். ஷிப்டு தொடங்கும் ஆறிலிருந்து ஏழரை வரை கட்டணமே வேண்டாம். அந்த நேரத்தில் சாலையில் இருப்பவர்கள் யார் என்று ஒரு நாள் விடியற்காலையில் சந்திப்பில் நின்று எண்ணிப் பாருங்கள். சீருடைக்கு மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, டிபன் பையை ஹேண்டில்பாரில் மாட்டி, பின்னால் இன்னொரு ஊழியரை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்தான் பாதிப் பேர்.